எட்டு மாதக் குழந்தைக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடுக்கலாமா?

உங்கள் எட்டு மாதப் பெண் குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது. மாடித் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து, தேனில் குழைத்து, உங்கள் அத்தை பாலாடையில் புகட்டுகிறார். குழந்தை டாக்டர் "இலை தழையெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். "என் வீட்டுக்காரரும் இந்தச் சாறு குடித்து வளர்ந்தவர்தான்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால், அத்தை மனம் நோகாமலும் குழந்தைக்குக் கெடுதல் வராமலும் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த இலை பொதுவாக எதற்கு நல்லது, சமையலில் எப்படிச் சேர்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன். ஆனால் ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்: தேனை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். பெரியவர்கள் வயிற்றில் அவை முளைக்காமல் வெளியேறிவிடும். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். அந்த நஞ்சு நரம்பைப் பிடித்தால் தசைகள் தளரும். முதலில் மலச்சிக்கல் வரும், அப்புறம் பால் இழுத்துக் குடிப்பது குறையும், அழுகைச் சத்தம் ஈனமாகும், இமை தொங்கும், நன்றாக நின்றிருந்த கழுத்து துவளும். வீட்டில் காய்ச்சும் சூட்டுக்கு இந்த வித்துகள் சாகாது. சிறுமலையிலிருந்து வந்த கொம்புத் தேன், கடையில் வாங்கிய பாட்டில் தேன் என்ற பேதமும் இதில் கிடையாது. இதுவரை கொடுத்துவிட்டோமே என்று பதற வேண்டாம், இது மிக அரிதாக வருவதுதான். ஒரு மாதம் வரை மேலே சொன்ன அறிகுறிகளைக் கவனியுங்கள். ஏதாவது தென்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையோ, பக்கத்தில் எந்தக் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறதோ, நேராகப் போங்கள். போனதும் தேன் கொடுத்தோம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு, திருமங்கலம் பக்கம் பல வருடங்களாக வைத்தியம் பார்க்கிறேன். ஐப்பசி அடைமழை தொடங்கி மார்கழிப் பனி முடியும்வரை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் கற்பூரவல்லியைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். அதனால் இந்த இலையின் நல்லதும் கெட்டதும் எனக்குப் பழக்கம். ஆனால் உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை. நெஞ்சில் கேட்கும் சத்தம் மூக்கடைப்பில் வருவதா, நுரையீரலிலிருந்து வருவதா என்று எழுத்தை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. இனி நான் சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குச் சாறே வேண்டாம் என்பதுதான் என் பதில். எங்கள் முறையில் ஒரு வயதுக்கு முன்பே சில சொட்டு கொடுக்கும் வழக்கம் உண்டு. நான் கொடுப்பதில்லை. இந்த வயதுக்கு எவ்வளவு கொடுத்தால் சரி என்று யாரும் முறையாகச் சோதித்து வரையறுக்கவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் புகட்டும் விதம். காரமான சாறு நாக்கில் பட்டதும் குழந்தை திமிறும், மூக்கைப் பிடித்து, காலில் போட்டு ஊற்றுவார்கள், புரையேறிவிடும். சளியோடு இருக்கிற குழந்தைக்கு மூச்சுக்குழலில் சாறு போவது சளியைவிடப் பெரிய ஆபத்து. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவி பிடிக்க வைக்காதீர்கள், கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் உண்டு. அதே கையோடு, கடையில் நீங்களாகவே இருமல் சிரப்பும் வாங்கிக் கொடுக்காதீர்கள். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. இலை என்றால் பயம், பாட்டில் என்றால் நம்பிக்கை என்று இருக்க வேண்டியதில்லை. சின்னக் குழந்தைக்கு இரண்டிலும் கவனம் வேண்டும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. குழந்தை அமைதியாகவோ தூங்கிக்கொண்டோ இருக்கும்போது சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, அல்லது அதற்கு மேல் இருந்தால் வேக மூச்சு. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு 60. எண்ணிக்கை இதைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, இலையும் வேண்டாம், என்னைப் போன்றவர்களும் வேண்டாம், மருத்துவமனைதான். இதை அத்தைக்கும் சொல்லிக்கொடுங்கள். வாட்ச்சைப் பார்த்து மூச்சை எண்ணக் கற்றுக்கொண்ட அப்பத்தாக்களை எனக்குத் தெரியும், பெற்றவர்களைவிட அவர்கள் பொறுமையாக எண்ணுவார்கள்.

சரி, இலைக்கு வருவோம். கற்பூரவல்லி, ஓமவல்லி இரண்டும் ஒன்றுதான். துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்த செடி. தாவரவியலில் கோலியஸ் அம்பாய்னிகஸ் என்பார்கள். இடையில் பல காலம் பிளெக்ட்ராந்தஸ் என்று மாற்றி வைத்திருந்தார்கள், 2019-இல் மறுபடியும் கோலியஸ் இனத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் இணையத்தில் இரண்டு பெயரும் கிடக்கும், குழம்ப வேண்டாம். 1790-இல் லொரேரோ என்ற போர்த்துகீசியப் பாதிரியார் இதைத் தாவரவியல் நூலில் விவரித்து, இந்தோனேசியாவின் அம்போன் தீவை ஒட்டிப் பெயர் வைத்தார். ஆனால் செடி இயல்பாக வளரும் இடங்களில் முக்கியமானவை கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவும் அரேபியப் பக்கமும். அங்கிருந்து உலகத்தின் வெப்ப நாடுகள் அத்தனைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

உங்கள் தொட்டியில் இருப்பது அதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நர்சரிகளில் இதன் சொந்தக்காரச் செடிகள் நிறைய வருகின்றன. கற்பூரவல்லி இலை தடிமனாக, சதைப்பற்றாக இருக்கும். மடக்கினால் நொறுக்கென்று உடையும். மேலெல்லாம் மெல்லிய சுணை, ஓரத்தில் மழுங்கிய பற்கள். கசக்கி முகர்ந்தால் சந்தேகமே இல்லாமல் ஓமவாடை அடிக்க வேண்டும். தைலம் மாதிரி வாசம் வந்து, இலை சின்னதாக, வெல்வெட் போல இருந்தால் அது 'விக்ஸ் செடி' என்று விற்கிற வேறு வகை, அதைச் சாப்பிடாதீர்கள். சேலம் பக்கம் மருந்துக்காகப் பயிர் செய்யும் கூர்க்கன் செடியும் இதே இனம்தான். அதன் வேரில் இருக்கும் ஃபோர்ஸ்கோலின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது, வீட்டு வைத்தியத்துக்கு உரியதே அல்ல. வாசனை சரியாக இல்லையென்றால் வாயில் வைக்காதீர்கள்.

அந்த ஓமவாடைக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு எண்ணெய்ப் பொருள்கள். செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் இவற்றின் விகிதம் மாறும். ஓமத்தில் இருப்பது பெரும்பாலும் தைமால். பீட்சா மேல் தூவுகிறார்களே ஆரிகானோ, அதன் வாசம் கார்வக்ரால். இரண்டுமே பாக்டீரியாவையும் பூஞ்சையையும் ஆய்வகத் தட்டில் அடக்கும் என்பது உறுதியாக நிரூபணமான விஷயம். வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் தைமால் சேர்ப்பது அதனால்தான். ஆனால் தட்டில் கிருமி சாகிறது என்பதிலிருந்து, நாலு இலைச் சாறு குடித்தால் நெஞ்சில் இருக்கும் கிருமி சாகும் என்று தாண்டிப் போக முடியாது. வயிற்றுக்குப் போய், ஈரல் வழியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வந்து சேரும் அளவு மிகக் குறைவு. தவிர, சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதனால் "இயற்கை ஆன்டிபயாடிக்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள்.

அப்படியானால் இருமலுக்குக் கேட்கிறதே, எப்படி? சித்த மருத்துவத்தில் இதைக் கார்ப்புச் சுவையும் வெப்ப வீரியமும் உள்ள மூலிகை, கோழையை அகற்றுவது, வியர்வையைத் தூண்டுவது என்று வகைப்படுத்துகிறோம். சாறு குடித்ததும் தொண்டை இதமாவதையும், கட்டியிருந்த சளி இளகி வருவதையும் பெரியவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், சளி தானாகவே ஏழு முதல் பத்து நாளில் அடங்கிவிடும் நோய். மூன்றாம் நாள் சாறு கொடுத்து ஏழாம் நாள் குணமானால், இலைதான் செய்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இன்னொன்றும் உண்டு. ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்கு இரவு இருமலைத் தேன் குறைக்கிறது என்பதற்கு மனிதர்களிடம் செய்த நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. இலைக்கு அந்த அளவு சான்று இல்லை. நம் வீடுகளில் இரண்டையும் எப்போதும் சேர்த்தே கொடுத்து வந்திருக்கிறோம். பலனில் எவ்வளவு இலைக்கு, எவ்வளவு தேனுக்கு, எவ்வளவு வெந்நீருக்கு என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போய்விட்டது.

இந்த இலை மேல் நடந்த மிகப் பெரிய மனித ஆய்வுகளில் ஒன்று சளிக்கே சம்பந்தமில்லாதது. தைவானில் கற்பூரவல்லிச் சாரத்தையும் வல்லாரைச் சாரத்தையும் சேர்த்து ஒரு களிம்பு செய்து, தைவான், சீனா, அமெரிக்கா மூன்று இடங்களிலும் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 236 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2021-இல் வெளியானது. வழக்கமான கட்டு போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கு 16 வாரத்தில் புண் முழுதாக ஆறியது, களிம்பு போட்டவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆறியது. எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த செய்தி இது. ஆனால் உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டு இலையை அரைத்துப் புண்ணில் வைத்துவிடாதீர்கள். அது சுத்திகரித்து, அளவு கட்டுப்படுத்திச் செய்த மருந்து. அரைத்த பச்சை இலையில் மண்ணும் கிருமியும் இருக்கும், அப்படி வைத்துக் கட்டிக் கால் விரலையே எடுக்கும்படி ஆன நோயாளியை நான் பார்த்திருக்கிறேன்.

சாறாகக் கொடுப்பதென்றால், ஒரு வயது முடிந்தபின் நான் சொல்லும் முறை இது. மூன்று நான்கு இலையைக் கழுவித் துடைத்து, சூடான தோசைக்கல்லில் போட்டு வாட்ட வேண்டும். சுணை அடங்கி இலை துவண்டதும் கையால் பிழிந்தாலே சாறு வரும். ஐந்து வயது வரை அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் ஒரு தேக்கரண்டி, பெரியவர்களுக்கு இரண்டு. கூடவே வெந்நீரும் பனங்கற்கண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாளைக்கு மேல் வேண்டாம். இந்த அளவு வைத்தியப் பழக்கத்திலிருந்து வருவது, ஆய்வில் நிலைநாட்டியது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண் இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகள் ரசத்தில் நாலு இலை போட்டுச் சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம், சாறு வேண்டாம். சாப்பிட்டதும் உதடு தடித்தாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ அப்புறம் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பெயரில் கற்பூரம் இருப்பதால் வரும் ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து, கற்பூரவல்லி இலையோடு சூடாக்கிக் குழந்தை நெஞ்சில் தேய்ப்பார்கள். சூடம் குழந்தை வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலே வலிப்பு வரும். பச்சைக் கற்பூரமும் அப்படித்தான். தேய்த்த எண்ணெயைக் குழந்தை கையால் தொட்டு வாயில் வைக்கும். எட்டு மாதக் குழந்தையின் நெஞ்சிலோ மூக்கிலோ சூடம் பட வேண்டாம். வெறும் தேங்காய் எண்ணெய் போதும்.

இனி அடுப்படி. இந்த இலையின் உண்மையான இடம் அதுதான் என்பது என் எண்ணம். இதைப் பயமில்லாமல், அளவு பார்க்காமல் அனுபவிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். பஜ்ஜி எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலர் ஈர இலையை மாவில் தோய்த்துப் போட்டுவிட்டு, உள்ளே வேகவில்லை, வழவழவென்று இருக்கிறது என்பார்கள். இலையைத் துணியில் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். கடலை மாவில் நாலில் ஒரு பங்கு அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு. ஓமம் சேர்க்காதீர்கள், இலையிலேயே அந்த வாசம் இருக்கிறது. மாவு இலையில் மெல்லிசாக ஒட்டும் பதம்தான் சரி. எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டுத் திருப்பி எடுத்தால், கடிக்கும்போது முதலில் மொறுமொறுப்பு, அப்புறம் இலையின் சாறு. ஆனால் சளியோடு இருக்கும்போது எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், மழை நாளில் டீயோடு சாப்பிடுங்கள்.

என்னைக் கேட்டால் பஜ்ஜியைவிடத் துவையல்தான் உசத்தி. ஒரு கைப்பிடி இலையை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, தனியே வறுத்த உளுத்தம்பருப்பு, வரமிளகாய், ஒரு கோலிக்குண்டு அளவு புளி, நாலு சில்லு தேங்காய், உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைக்க வேண்டும். இலையை வதக்காமல் பச்சையாக அரைத்தால் காரல் தூக்கலாகிக் கசக்கும். வாசனை எண்ணெய் இலையின் மேல் சுணையிலேயே இருக்கிறது, கொழுப்பில் கரையும், ஆவியோடு பறந்துவிடும். அதனால்தான் நல்லெண்ணெயில் வதக்கினால் வாசம் துவையலில் தங்குகிறது, தண்ணீரில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் அடுப்படி மணக்கும், பாத்திரத்தில் ஒன்றும் இருக்காது. ரசத்திலும் இதையே கவனியுங்கள். மிளகு ரசம் நுரைகட்டி வரும்போது நாலைந்து இலையைக் கிள்ளிப் போட்டு, உடனே இறக்கி மூடிவிட வேண்டும். பொடியாக நறுக்கித் தாளித்துத் தயிர்ப் பச்சடி செய்யலாம். நம் ஊரில் ஆட்டுக்கால் சூப் வைக்கிறவர்கள் இறக்கும்போது இரண்டு இலை கிள்ளிப் போட்டுப் பாருங்கள், கவிச்சி வாடை அடங்கும். கரீபியன் தீவுகளில் இறைச்சிக்கும் மீனுக்கும் மசாலாவாக இதைத்தான் தடவுகிறார்கள். வியட்நாமில் புளிப்பான மீன் சூப்பில் போடுகிறார்கள், இருமலுக்கும் அங்கே இதே இலைதான்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது சுமத்ராவின் பாதாக் மக்களின் வழக்கம். அங்கே பிள்ளை பெற்ற தாய்க்கு இந்த இலையைக் கோழிக்கறியோடு சூப் வைத்து ஒரு மாதம் வரை கொடுப்பார்கள், பால் ஊறும் என்று. இந்தோனேசிய ஆய்வாளர்கள் அதைச் சோதித்து, பால் அளவு கூடியதாக எழுதியிருக்கிறார்கள். ஆய்வு சிறியது, அதை வைத்து உறுதி சொல்ல முடியாது. இருந்தாலும் தாய் உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. அத்தையிடம் "பிள்ளைக்கு வேண்டாம் அத்தை, எனக்கு ரசம் வைத்துக் கொடுங்கள், பால் வழியாகப் பிள்ளைக்குத்தான் போகும்" என்று சொல்லிப் பாருங்கள். சாரம் பாலில் எவ்வளவு இறங்கும் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. ஆனால் உங்களுக்குச் சூடான ரசம் கிடைக்கும், அத்தையின் கைவைத்தியமும் வீட்டில் இருக்கும், குழந்தை வாயில் சாறு போகாது.

செடி பற்றி ஒன்று. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கக் கரிசல் மண்ணை அப்படியே தொட்டியில் போட்டு வளர்த்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் வேர் அழுகிவிடும். மேலூர்ப் பக்கச் செம்மண்ணோடு பாதிக்குப் பாதி மணல், கொஞ்சம் மக்கிய சாணம் போதும். மானாமதுரை மண்தொட்டி என்றால் இன்னும் நல்லது, ஈரம் தங்காது. ஒரு சாண் நுனியைக் கிள்ளி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும், விதை தேட வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் மதியத்துக்கு மேல் நிழலில் நகர்த்துங்கள். மற்ற மாதங்களில் வெயில் பட்ட செடியில்தான் இலை சின்னதாக இருந்தாலும் வாசம் கூடுதலாக இருக்கும். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிய செடி என்றால் மருந்து அடித்திருக்க வாய்ப்பு உண்டு. பழைய இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, புதுத் துளிர் வந்து பெரிதான பிறகு சமையலுக்குப் பறியுங்கள்.